அறிவுசார் குறைபாடும் நடத்தைச் சிக்கலும் உள்ள இளையோருக்கு உளசமூக ஆதரவு: முழுமையான வழிகாட்டி

அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் இளையவர் அருகில் இருப்பவர்களை அடிக்கிறார், பொருள்களை எறிகிறார், தன் தலையையே சுவரில் மோதிக்கொள்கிறார் அல்லது சொல்லாமல் வெளியே ஓடிவிடுகிறார் என்றால், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது இதை எப்படி நிறுத்துவது என்றுதான். காயம்பட்டவர்களும் இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பவர்களும் அப்படிக் கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் நிறுத்துவது ஒன்றையே இலக்காகக் கொண்டால், அறையில் பூட்டுவதும் மாத்திரையால் மயங்க வைப்பதும்கூட வெற்றிகளாகத் தோன்றத் தொடங்கிவிடும். அடங்கிப் போனவர்கள் எல்லாரும் நலமாக இருப்பவர்கள் அல்லர். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் ஓய்ந்து போனவர்களும் அமைதியாகத்தான் இருப்பார்கள். அவருடைய வாழ்க்கை விரிந்து, அதன் விளைவாகச் சிக்கலான நடத்தைக்கு வேலை குறைய வேண்டும் என்பதே உளசமூக ஆதரவின் நோக்கம்.

பெற்றோர், சிறப்பு ஆசிரியர், விடுதிப் பணியாளர், சமூகப் பணியாளர், உளவியலாளர் என்று ஓர் இளையவரோடு நாள்தோறும் பழகும் எல்லாரையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ 12 வயதிலிருந்து 25 வயது வரை உள்ளவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். படிகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தாலும் சில நேரங்களில் பின்னோக்கித் திரும்ப வேண்டி வரும். குறிப்பாக, இரண்டாம் படிக்குப் பலமுறை திரும்ப நேரும்.

படி 1: ஆளை அறிந்துகொள்ளுதல்

அறிவுசார் குறைபாடு என்பது நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) ஏறத்தாழ 70-க்குக் கீழே இருப்பது மட்டுமன்று. கருத்துகளைப் புரிந்துகொள்வது, பிறரோடு பழகுவது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வது போன்ற வாழ்க்கைத் திறன்களிலும் தெளிவான பின்னடைவு இருக்க வேண்டும். அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிகை ஏட்டின் ஐந்தாம் பதிப்பு, குறைபாட்டின் கடுமையைச் சோதனை மதிப்பெண்ணைக் கொண்டு அல்லாமல் இந்த வாழ்க்கைத் திறன்களைக் கொண்டே தீர்மானிக்கச் சொல்கிறது. ஆதரவுத் திட்டம் வகுப்பவருக்கு இது மிகவும் பயன்படும் அணுகுமுறை, ஏனென்றால் ஒருவருடைய மதிப்பெண்ணை மாற்ற முடியாவிட்டாலும், பேருந்தில் ஏறவும் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குக் கற்பிக்க முடியும்.

19 வயதுப் பெண்ணைப் பற்றி ‘இவளுக்கு ஐந்து வயதுக் குழந்தையின் மனம்’ என்று சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. இதைக் கைவிடுவது நல்லது. அவருக்கு 19 ஆண்டு அனுபவம் இருக்கிறது. வளர்ந்த உடலும், தனிமை வேண்டும் என்ற விருப்பமும், சம வயதினரைப் போலவே இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கின்றன. குழந்தையைப் போல நடத்தப்படுவதே பல இளையோருக்குச் சினமூட்டும் காரணமாக அமைகிறது என்பதை அருகில் இருப்பவர்கள் எளிதில் கவனிப்பதில்லை.

ஆகவே முதல் வேலையாக, நடத்தையைப் பற்றி எதுவும் எழுதாமல், ஆளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். அவருக்கு எது பிடிக்கும், யாரைக் கண்டால் முகம் மலரும், எந்த ஒலியும் தொடுதலும் பொறுக்காது, எதில் அவர் திறமையானவர், ஒரே நேரத்தில் எத்தனை சொற்கள் உள்ள அறிவுறுத்தலைப் புரிந்துகொள்கிறார், தன் விருப்பத்தை எப்படித் தெரிவிக்கிறார் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றுள் புரிதலைப் பற்றிய கேள்விக்குத் தனிக் கவனம் தேவை. கேட்டுப் பழகிய தொடர்களைச் சரளமாகச் சொல்லும் இளையவர் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். கையசைவும் அன்றாட வழக்கமும் தரும் குறிப்புகளைக் கொண்டு அவர் சமாளித்து வந்திருக்கலாம். அந்தக் குறிப்புகள் இல்லாத இடத்தில் அவர் திணறும்போது அது கீழ்ப்படியாமையாகப் பார்க்கப்படுகிறது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் புரிதலைத் தனியாக மதிப்பிட்டுச் சொன்னால், வீட்டிலும் வகுப்பிலும் நடக்கும் பல மோதல்களின் வேர் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 2: உடலை முதலில் பாருங்கள்

நடத்தை திடீரென்று மாறினாலோ மோசமானாலோ முதலில் தேட வேண்டியது வலியைத்தான். வலி எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அதை உடலால் காட்டுகிறார். சொத்தைப் பல், காது தொற்று, நாள்பட்ட மலச்சிக்கல், வயிற்றிலிருந்து அமிலம் மேலேறுதல், மாதவிடாய் வலி, மூக்கடைப்போடு கூடிய தலைவலி ஆகியவை கன்னத்தில் அறைந்துகொள்வதாகவும், உணவுத் தட்டைத் தள்ளுவதாகவும், அருகில் வருபவரைக் கடிப்பதாகவும் வெளிப்படலாம். மனநோயின் அறிகுறிகளை ‘அவருடைய குறைபாடே அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடும் போக்கை ஆய்வாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982-இலேயே சுட்டிக்காட்டினார்கள். இன்றும் மருத்துவமனைகளில் உடல்நோயின் அறிகுறிகளுக்கும் இதுவே நடக்கிறது. ஆகவே உடன் செல்பவர் தெளிவான குறிப்புகளோடு போக வேண்டும். எப்போது தொடங்கியது, உணவு, தூக்கம், மலம், மாதவிடாய் ஆகியவற்றோடு எப்படிச் சேர்ந்து வருகிறது என்று எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவரின் கவனம் வேறு மாதிரியாக இருக்கும்.

குறைபாட்டின் காரணம் தெரிந்திருந்தால் அதுவும் வழி காட்டும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் தைராய்டு சுரப்புக் குறைவும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும் அடிக்கடி காணப்படுகின்றன. பகலில் சோர்ந்து முரண்டு பிடிப்பதற்கு இவை காரணமாக இருக்கலாம். பிராடர்–வில்லி நோய்க்குறியில் பசி அடங்குவதே இல்லை. உணவைத் திருடுகிறார் என்று கண்டிப்பது அங்கே பொருளற்றது. ஸ்மித்–மாஜெனிஸ் நோய்க்குறியில் தூக்கத்துக்குரிய மெலடோனின் பகலில் சுரப்பதால் இரவு விழிப்பும் பகல் எரிச்சலும் உண்டாகின்றன. லெஷ்–நைஹான் நோய்க்குறியில் உதட்டையும் விரல்களையும் கடித்துக்கொள்வது அவருடைய விருப்பத்துக்கு உட்பட்டதன்று. ஃப்ராஜைல் எக்ஸ் நோய்க்குறி உள்ளவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது பெரும்பாலும் பதற்றத்தால்தான், அவமதிப்பதற்காக அன்று.

வலிப்பு நோயும் அதற்கான மருந்துகளும் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவை. எடுத்துக்காட்டாக, லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் தரக்கூடியது என்பது நன்கு அறியப்பட்டது. மருந்து மாறிய நாளும் நடத்தை மாறிய நாளும் ஒரே வாரத்தில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உடலில் காரணம் ஏதும் தெரியாதபோது மனச்சோர்வு, பதற்றம், துயரம் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். பிடித்த ஆசிரியர் பணி மாறிப் போனதோ பாட்டி இறந்ததோ அவருக்கு முறையாகச் சொல்லப்படாமலே இருந்திருக்கலாம். துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருக்கவும் கூடும். குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு அல்லது ஒருவரிடம் போக மறுப்பது, பழகிய திறன்களை இழப்பது, பாலியல் சார்ந்த புதிய நடத்தை ஆகியவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல், பாதுகாப்பு குறித்த கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 3: பார்த்து எழுதுதல்

உடல்நலம் சரிபார்க்கப்பட்ட பின்னர், அல்லது அதனோடு சேர்த்தே, இரண்டு வாரங்களாவது பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னர் என்ன நடந்தது என்று மூன்று பத்திகள் போதும். நடந்ததைக் கண்ணால் பார்க்கக்கூடிய சொற்களில் எழுத வேண்டும். ‘கோபப்பட்டார்’ என்பது பதிவாகாது. ‘மேசையை இரு கைகளாலும் தள்ளினார், இரண்டு முறை கத்தினார், அருகில் இருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்’ என்பதே பதிவு. அந்த நாளின் பின்புலத்தையும் குறியுங்கள்: முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார், சாப்பிட்டாரா, வெப்பமும் இரைச்சலும் எப்படி இருந்தன, வழக்கமான பணியாளர் இருந்தாரா.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. அந்த நடத்தை வராத நேரங்களையும் எழுத வேண்டும். எந்த வேளையில், யாரோடு, என்ன செய்துகொண்டிருக்கும்போது அவர் நிம்மதியாக இருக்கிறார் என்ற பதிவிலிருந்துதான் திட்டத்தின் பெரும்பகுதி பிறக்கும். ஒருவர் நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருப்பதில்லை. ஆனால் அவரைப் பற்றிய கோப்பைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பயிற்சி மையத்துக்கு வரும் 17 வயது இளைஞர் ஒருவர் முற்பகல் நேரக் குழுப் பயிற்சியில் மேசையைத் தள்ளிக் கவிழ்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணியாளர்கள் அவரை வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் அமைதியாகிவிடுகிறார். இது தண்டனை என்று அவர்கள் கருதுகிறார்கள். இரண்டு வாரப் பதிவு வேறு ஒன்றைச் சொல்கிறது: இரவில் சரியாகத் தூங்காத நாள்களிலும், முன்கூட்டிச் சொல்லாமல் வேலையை மாற்றிய நாள்களிலும்தான் மேசை கவிழ்கிறது, ஒவ்வொரு முறையும் அவருக்கு அந்த அறையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. தாழ்வாரத்தில் அவர் ஒரு முறைகூடச் சிக்கல் செய்ததில்லை.

படி 4: நடத்தை எதற்காக என்று ஊகித்தல்

நடத்தை ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது உட்படப் பெரும்பாலான சிக்கலான நடத்தைகள் ஏதோ ஒரு பயனைப் பெற்றுத்தருவதால்தான் நீடிக்கின்றன என்ற புரிதல் உறுதிப்பட்டது. நடைமுறையில் அந்தப் பயன் நான்கு வகையாக இருக்கும்: பிறருடைய கவனம் கிடைத்தல், விரும்பிய பொருளோ செயலோ கிடைத்தல், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பித்தல், உடலுக்கே நேரடியாக ஓர் உணர்வோ ஆறுதலோ கிடைத்தல். ஒரே நடத்தைக்கு இரு பயன்கள் இருக்கலாம். ஒரே ஆள் வீட்டில் ஒரு காரணத்துக்காகவும் பள்ளியில் இன்னொரு காரணத்துக்காகவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளலாம்.

பதிவுகளைப் படித்துவிட்டு, ஊகத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மேலே சொன்ன இளைஞருக்கு அது இப்படி இருக்கும்: ‘தூக்கம் குறைந்த நாளில் முன்னறிவிப்பின்றி வேலை மாறினால், அந்த அறையிலிருந்து வெளியேறுவதற்காக மேசையைத் தள்ளுகிறார்.’ இந்த வாக்கியத்தில் பழி இல்லை. செய்ய வேண்டியவை மூன்று அதிலேயே இருக்கின்றன. தூக்கத்தைக் கவனிக்க வேண்டும், மாற்றத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், வெளியேற வேறொரு வழி கற்பிக்க வேண்டும். கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்கிறார் என்று பதிவு காட்டினால், ‘கவனத்துக்காகத்தானே, விட்டுவிடு’ என்று முடித்துவிடாதீர்கள். மனிதத் துணையை நாடுவது தவறான தேவையன்று. அதைப் பெற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்பதே சிக்கல்.

கடுமையான தற்காயமோ பிறருக்குப் பெரிய ஆபத்தோ இருந்தால் இந்தப் பகுப்பாய்வைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் செய்ய வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காக நடத்தையைத் தூண்டுவது குடும்பத்தின் வேலையன்று.

படி 5: சூழலை மாற்றுதல்

மிக விரைவாகப் பலன் தருவது பெரும்பாலும் இந்தப் படிதான். இளையவரிடம் எதையும் எதிர்பார்க்காமல் நாம் மாற வேண்டிய படியும் இதுவே.

அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாத வாழ்க்கை யாருக்கும் அச்சம் தரும். உளவியலாளர் எரிக் ஷாப்லர் அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவாக்கிய டீச் திட்டம் 1972-இல் மாநிலம் தழுவிய திட்டமானதிலிருந்து பரவிய முறை, அன்றைய நிகழ்வுகளைப் படங்களாக வரிசையாக ஒட்டிவைப்பது. ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்த முறை அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கும் உதவுகிறது. படம் புரியாதவருக்குப் பொருளையே காட்டலாம். குளியலுக்கு முன் துண்டைக் கையில் தருவது போல. மாற்றம் நேரும் நாளில் பழைய படத்தை அவர் முன்னிலையிலேயே எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மாற்றம் என்பதற்கே ஒரு படம் வைத்துக்கொண்டு, முதலில் இனிமையான மாற்றங்களுக்கு அதைப் பயன்படுத்திப் பழக்கினால் பின்னர் கடினமான மாற்றங்களையும் அவர் தாங்குவார்.

பேசும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செய்தியைக் குறுகிய வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பத்து நொடியாவது காத்திருங்கள். பதில் வரவில்லை என்று அதையே வேறு சொற்களில் மறுபடி சொன்னால், முதல் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தவர் இரண்டாவதை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நட’ என்பது எளிதில் புரியும்.

உண்மையான தெரிவுகளைத் தாருங்கள். எந்தச் சட்டை, எந்த நாற்காலி, முதலில் குளியலா சாப்பாடா என்பன சிறியவை போலத் தோன்றும். எழுவதிலிருந்து தூங்குவது வரை பிறர் தீர்மானிக்கும் வாழ்க்கையில், மறுத்து நிற்பது ஒன்றுதான் தன் கையில் இருக்கும் அதிகாரம் என்று ஓர் இளையவர் கற்றுக்கொண்டிருக்கலாம். தெரிவு கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பலர் எந்தக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லிவிடுவது அல்லது கடைசியாகக் கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்வது உண்டு. ஆகவே பொருள்களைக் காட்டிக் கேளுங்கள்; வரிசையை மாற்றி மறுபடி கேளுங்கள்.

படி 6: அதே தேவைக்கு வேறு வழி கற்பித்தல்

உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் 1985-இல் காட்டியது இதுதான்: நடத்தையால் கிடைக்கும் அதே பயனை ஒரு சொல்லாலோ சைகையாலோ பெற முடியும் என்று கற்பித்தால் நடத்தை குறைகிறது. உளசமூக ஆதரவின் நெஞ்சு என்று நான் கருதுவது இந்தப் படியைத்தான். ஏனென்றால் மற்றப் படிகளில் நாம் அவருக்காகச் செய்கிறோம், இந்தப் படியில் அவர் கையில் ஒரு வழியைத் தருகிறோம்.

புதிய வழி பழைய வழியைவிட எளிதாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும். மேசையைத் தள்ள ஒரு நொடி போதும். அதற்கு மாற்றாக ‘எனக்கு இடைவேளை வேண்டும், தயவுசெய்து வெளியே போகலாமா’ என்ற முழு வாக்கியத்தைக் கற்பித்தால் அவர் மேசையையே தேர்ந்தெடுப்பார். ஓர் அட்டையைத் தொட்டால் போதும் என்று தொடங்குங்கள். படம், சைகை, பொத்தானை அழுத்தினால் பேசும் கருவி, கைபேசிச் செயலி ஆகியவற்றுள் அவருக்கு எது இயல்பாக வருகிறதோ அதைப் பேச்சுப் பயிற்சியாளருடன் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். படம் அல்லது சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

கற்பிக்க வேண்டியது அமைதியான நேரத்தில். கொந்தளிப்பின் நடுவில் யாரும் கற்பதில்லை. நம் எடுத்துக்காட்டு இளைஞருக்கு, பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே, அவர் சலிப்படைவதற்கு முன்பாக, அட்டையைத் தொடக் கை தந்து உதவி, உடனே தாழ்வாரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் வாரங்களில் அட்டை தொடப்படும் ஒவ்வொரு முறையும் இடைவேளை கிடைத்தாக வேண்டும், அது எவ்வளவு தொல்லையாக இருந்தாலும். ‘இப்படியே விட்டால் நாள் முழுவதும் வெளியிலேயே இருப்பாரே’ என்று பணியாளர்கள் கவலைப்படுவார்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை வேரூன்றிய பிறகுதான், ‘இன்னும் ஒன்று முடித்துவிட்டு’ என்று காத்திருக்கக் கற்பிக்க முடியும். அந்தக் காத்திருப்பையும் சில நொடிகளில் தொடங்கிப் படிப்படியாக நீட்டுங்கள். அதோடு அந்தப் பயிற்சியே அவருக்குப் பொருத்தமானதா என்றும் கேளுங்கள். தப்பிக்க வேண்டிய அளவுக்குப் பொருளற்ற வேலையை ஒருவருக்குத் தந்துவிட்டு, தப்பிக்காமல் இருக்கப் பயிற்சி தருவது முறையன்று.

பேச்சுத் திறன் ஓரளவு உள்ளவர்களுக்கு உணர்ச்சிகளை இனங்காணவும் கையாளவும் கற்பிக்கலாம். சினம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) மிதமான குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்பத் தகவமைத்துப் பயன்படுத்துகிறார்கள். அமர்வுகள் குறுகியவையாக இருக்கும். படங்களும் நடித்துக் காட்டலும் மிகுதியாக இருக்கும். ஒரே கருத்து பலமுறை திரும்ப வரும். இளையவர் சம்மதித்தால் நம்பிக்கையான ஒருவர் உடன் அமர்ந்து, கற்றதை வீட்டில் நினைவூட்டுவார். உடலில் தெரியும் அறிகுறியில் தொடங்குவது நல்லது: முதலில் கை இறுகுகிறதா, முகம் சூடாகிறதா, வயிறு என்ன செய்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளை வரைந்து, மஞ்சளில் இருக்கும்போது என்ன செய்யலாம் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் செய்ய வேண்டும்.

படி 7: கொந்தளிப்பு நேரத்தில்

எவ்வளவு நல்ல திட்டம் இருந்தாலும் சில நாள்கள் மீறிப் போகும். அந்த நேரத்தின் ஒரே நோக்கம் யாருக்கும் காயம் ஏற்படாமல் கடப்பது. பாடம் புகட்டுவதும் மன்னிப்புக் கேட்க வைப்பதும் அப்போது வேண்டாம். குரலைத் தாழ்த்துங்கள், சொற்களைக் குறையுங்கள், சற்று விலகிப் பக்கவாட்டில் நில்லுங்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள், வாசலை மறைக்காதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களை வெளியே அனுப்புவது அவரை வெளியே இழுப்பதைவிட எளிது. ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர் அமைதியானது போலத் தோன்றிய பிறகும் உடலின் பரபரப்பு அடங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் கட்டளை எதையும் தொடங்கினால் மறுபடி வெடிக்கும்.

உடலால் பிடித்து அடக்குவது உடனடி ஆபத்தைத் தடுப்பதற்கான கடைசி வழி. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே, மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டுமே செய்ய வேண்டும். குப்புறக் கிடத்தி அழுத்துவது மூச்சை அடைத்து உயிரைப் பறிக்கும். எந்தச் சூழ்நிலையிலும் அதைச் செய்யக் கூடாது. தனி அறையில் பூட்டுவது, சாப்பாட்டை மறுப்பது, அடிப்பது ஆகியவற்றுக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

பழைய நடத்தைக்குப் பயன் கிடைக்காமல் போகும் முதல் நாள்களில் அது தற்காலிகமாகக் கூடுவது வழக்கம். முன்பு வேலை செய்த வழி இப்போது வேலை செய்யவில்லை என்பதால் இன்னும் வலுவாக முயல்கிறார். இதைக் குடும்பத்துக்கு முன்னதாகவே சொல்லிவைக்காவிட்டால், திட்டம் தோற்றுவிட்டது என்று எண்ணி, சரியாக அந்த நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

படி 8: வாழ்க்கையை விரித்தல்

நடத்தைத் திட்டம் நன்றாக நடந்தும் ஓர் இளையவர் காலையிலிருந்து மாலை வரை சும்மா உட்கார்ந்திருந்தால், அந்தத் திட்டம் நீடிக்காது. சலிப்பும் தனிமையும் தாமே சிக்கலைப் பெற்றெடுக்கும். வீட்டு வேலைகளில் அவருக்கு ஒரு பங்கு இருக்கட்டும். முழு வேலையும் செய்ய முடியாவிட்டாலும் துணியை இயந்திரத்தில் போடுவதும் பொத்தானை அழுத்துவதும் அவருடையதாக இருக்கலாம். தான் விரும்பியதைச் செய்யும் இடத்தில்தான் நட்பு கிடைக்கும். பணம் கொடுத்து அமர்த்தப்பட்டவர்களையும் உறவினர்களையும் தவிர அவர் வாழ்க்கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்; பலருக்கு அந்த எண்ணிக்கை சுழியமாக இருப்பது மிகவும் வேதனை தருவது.

பாலியல் வளர்ச்சியைப் பற்றிப் பேசத் தயங்குவதால் விளையும் கேடு பெரிது. உடல் மாற்றங்கள் வருவதற்கு முன்பே, படங்களோடு, உடலுறுப்புகளுக்குரிய சொற்களோடு, மாதவிடாயையும் விந்து வெளிப்படுதலையும் பற்றிச் சொல்லித்தர வேண்டும். பொது இடத்தில் ஆடையைக் களைவதோ தன்னைத் தொட்டுக்கொள்வதோ பெரும்பாலும் ஒழுக்கக்கேட்டால் அன்று. எது தனி இடம், எது பொது இடம் என்று யாரும் கற்பிக்காததால்தான். கதவை மூடிக்கொள்ளும் உரிமையுள்ள ஓர் இடம் அவருக்கு இருந்தால்தான் அந்த வேறுபாட்டைக் கற்பிக்கவும் முடியும். அதே மூச்சில் சம்மதத்தையும் கற்பியுங்கள்: தன்னைத் தொடுவதை மறுக்கலாம், பெரியவர்களையும் மறுக்கலாம், மறுத்த பிறகு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல வேண்டும். எப்போதும் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட இளையவர் துன்புறுத்துபவருக்கும் கீழ்ப்படிவார். லான்செட் மருத்துவ இதழில் 2012-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, மாற்றுத்திறனுள்ள சிறார் வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்பு மற்றச் சிறாரைவிட 3.7 மடங்கு, அவர்களுள் மனநலம் அல்லது அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்பு 4.6 மடங்கு.

இறப்பையும் மறைக்காதீர்கள். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொன்னால் அவர் வாசலில் காத்திருப்பார். இறந்துவிட்டார், இனி வரமாட்டார், நாமும் வருந்துகிறோம் என்று எளிய சொற்களில் சொல்லி, இறுதிச் சடங்கில் பங்கேற்கும் வாய்ப்பையும் தர வேண்டும்.

படி 9: துணை நிற்பவர்களுக்குத் துணை

தூக்கமிழந்த தாயிடம் பத்துப் பக்கத் திட்டத்தைக் கொடுப்பது உதவியாகாது. குடும்பத்தால் எதைச் செய்ய முடியும் என்று முதலில் கேட்டு, ஒரு வேளையில், ஒரே ஒரு மாற்றத்தோடு தொடங்குங்கள். உறவினரோ நண்பரோ வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை ஏற்றுப் பெற்றோருக்கு ஓய்வு தருவதைத் திட்டத்தின் பகுதியாகவே எழுத வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்ற விளக்கமும், பெற்றோரோடு தனியாகக் கழிக்கும் நேரமும், கோபப்படும் உரிமையும் வேண்டும். பணியாளர்கள் அடிபட்ட நாளில் அவர்களோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். அச்சத்தோடு பணிக்குத் திரும்புபவர் மெல்லப் பேச முடியாது.

படி 10: மருந்தின் இடம்

மனநோயோ வலிப்போ இருந்தால் மருந்து தேவை, அதில் ஐயமில்லை. சிக்கலான நடத்தையை அடக்குவதற்காக மட்டுமே மனநோய் எதிர்ப்பு மருந்துகளைத் தருவதுதான் கேள்விக்குரியது. ஆக்ரோஷமான நடத்தையும் அறிவுசார் குறைபாடும் உள்ள, ஆனால் மனச்சிதைவு போன்ற நோய் இல்லாத வயதுவந்தோர் 86 பேரிடம் நடத்திய சோதனை லான்செட்டில் 2008-இல் வெளியானது. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், மருந்தில்லாத வெற்று மாத்திரை ஆகிய மூன்றில் எதைப் பெற்றவர்களிடமும் ஆக்ரோஷம் குறைந்தது. மிகுதியாகக் குறைந்தது வெற்று மாத்திரை பெற்றவர்களிடம். உடல் எடை கூடுதல், நீரிழிவு ஆபத்து, தூக்கக் கலக்கம், உடல் நடுக்கம், உட்கார முடியாத பரபரப்பு ஆகியவை இந்த மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். கடைசியாகச் சொன்ன பரபரப்பே புதிய நடத்தைச் சிக்கலாகத் தோன்றி, மருந்தின் அளவைக் கூட்டவும் வழிவகுக்கலாம்.

மருத்துவச் சிகிச்சைக்கான நெறிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட நெறிமுறை, உளவியல் முறைகளாலும் உடன் இருக்கும் நோய்களுக்கான சிகிச்சையாலும் பலன் கிடைக்காதபோதோ ஆபத்து மிகக் கடுமையாக இருக்கும்போதோ மட்டும் இம்மருந்துகளைப் பற்றி எண்ணச் சொல்கிறது. அப்போதும் உளவியல் ஆதரவோடு சேர்த்தே தர வேண்டும், ஆறு வாரங்களில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்த அறிகுறிக்காக இந்த மருந்து, எப்போது மறுபடி பார்ப்போம், எப்போது எப்படி நிறுத்துவோம். நீண்ட நாள் எடுத்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

படி 11: மறுபார்வையும் அடுத்த கட்டமும்

மாதம் ஒரு முறையாவது பதிவுகளை எடுத்துப் பாருங்கள். நடத்தை எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதோடு, அட்டையையோ சைகையையோ எத்தனை முறை பயன்படுத்தினார், எத்தனை முறை வெளியே போனார், எத்தனை தெரிவுகளைத் தானே செய்தார், எப்படித் தூங்கினார், யாரைச் சந்தித்தார் என்பவற்றையும் எண்ணுங்கள். முதல் வகை எண் குறைந்து இரண்டாம் வகை எண்களும் குறைந்திருந்தால், அவர் முன்னேறவில்லை, ஒடுங்கியிருக்கிறார். திட்டத்தைத் திருத்த வேண்டும். மறுபார்வைக் கூட்டத்தில் அவரும் இருக்க வேண்டும். முழு நேரமும் உட்கார முடியாவிட்டால் வந்து போகட்டும். தனக்குப் பிடித்தவற்றின் படங்களைக் காட்டட்டும். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அவர்களும் முழுத் தகுதியுள்ளவர்கள் என்றும், முடிவெடுக்கத் தேவையான உதவியைத் தருவது அரசுகளின் கடமை என்றும் சொல்கிறது.

18 வயதை ஒட்டிப் பள்ளி, மருத்துவர், பணியாளர் என எல்லாமே ஒரே நேரத்தில் மாறுவதால் சிக்கல் திரும்புவது மிகுதி. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். புதிய இடத்தை முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பழக்குங்கள். பழைய பணியாளரும் புதியவரும் சில நாள்களாவது சேர்ந்து பணியாற்றட்டும். அட்டைகளும் சைகைகளும் எப்படிப் பயன்படுகின்றன என்பதைக் குறுங்காணொளியாக எடுத்துக் கொடுப்பது பத்துப் பக்க அறிக்கையைவிட உதவும். முதல் படியில் எழுதிய அந்த ஒரு பக்கத்தை அவரோடு சேர்ந்து புதுப்பித்து, அவரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பதை அவரே தீர்மானிக்கலாம்.